குழாய்க்கு முன் புள்ளி: வீட்டில் கார் சேஸி கட்ட நினைப்பவர்களுக்கு

சொந்தமாக ஒரு கார் கட்ட வேண்டும் என்ற ஆசைக்குப் பெங்களூர் நல்ல ஊர். உதிரி பாகம் வேண்டுமென்றால் ஜே.சி. ரோடு இருக்கிறது. கருவிகளுக்கு எஸ்.ஜே.பி. ரோடு. தகட்டை லேசரில் வெட்டித் தரவும் குழாயை வளைத்துத் தரவும் பீன்யாவில் பட்டறைகள் இருக்கின்றன. அல்சூர், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் பக்கம் எந்த வெல்டிங் கடையில் போய் நின்றாலும் தமிழிலேயே பேசி வேலையை முடித்துக்கொள்ளலாம். அதனாலோ என்னவோ, ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான்: எந்த பைப் வாங்கலாம்? எந்த வெல்டிங் மெஷின் நல்லது?

இரண்டுமே தேவையான கேள்விகள். ஆனால் கடைசியில் கேட்க வேண்டியவை. சேஸி என்பது காரில் சில குறிப்பிட்ட புள்ளிகளை ஒன்றுக்கொன்று நகராமல் பிடித்துவைக்கிற சட்டம். எந்தெந்தப் புள்ளிகள், அவற்றில் எவ்வளவு விசை எந்தத் திசையில் வரும் என்று தெரிந்துவிட்டால், குழாய் எங்கே போக வேண்டும் என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும். அது தெரியாமல் குழாயை வெட்டினால் கிடைப்பது கார் போலத் தோற்றம் தரும் இரும்பு மேசைதான். புள்ளிகளிலிருந்து சட்டத்துக்கு எப்படிப் போவது என்பதை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

சேஸி என்ன வேலை செய்கிறது?

ஓடுகிற கார் தரையைத் தொடுவது நான்கு இடங்களில் மட்டும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ உள்ளங்கை அகலம். பிரேக் போட்டாலும், வளைவில் திரும்பினாலும், குழியில் இறங்கினாலும், விசை அந்த நான்கு இடங்கள் வழியாகத்தான் உள்ளே வரும். டயர், ஹப் (சக்கரம் பொருந்தும் நடுப்பாகம்), சஸ்பென்ஷன் கைகள் (சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் கம்பிகள்) என்று கடந்து வந்து, கடைசியில் சேஸியில் இருக்கும் சில போல்ட்டுகளில் சேரும். அங்கிருந்து இன்ஜினுக்கும் ஓட்டுபவருக்கும் பெட்ரோல் டேங்குக்கும் போக வேண்டும். நிறுத்த வேண்டியதும் திருப்ப வேண்டியதும் அந்தக் கனத்தைத்தானே. டயரிலிருந்து கனம் வரைக்கும் விசை நடந்து போகிற பாதைதான் சேஸி.

பாதை போடுவதில் மூன்று வழிகள் நமக்குப் பழக்கம். முதலாவது ஏணிச் சட்டம்: இரண்டு நீளக் கம்பிகள், நடுவே குறுக்குச் சட்டங்கள். லாரி, மஹிந்திரா பொலேரோ, தார் எல்லாம் இப்படி. கட்டுவது எளிது, பாரம் தாங்கும், ஆனால் தட்டையாக இருப்பதால் முறுக்கினால் சுலபமாகத் திருகிக்கொள்ளும். இரண்டாவது மோனோகாக்: தனிச் சட்டமே இல்லை, மடித்து ஒட்டிய தகடுகளாலான உடலே சுமை தாங்கும். 1922-ல் வந்த லான்சியா லாம்ப்டா இதன் முன்னோடிகளில் ஒன்று; நம் தெருவில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை, பழைய மாருதி 800 உட்பட, இந்த வகைதான். இதற்குப் பெரிய பிரஸ்ஸும் அச்சுகளும் வேண்டும் என்பதால் வீட்டில் ஆகாத காரியம்.

மூன்றாவது, குழாய்களை முக்கோணங்களாகப் பின்னிக் கட்டும் ஸ்பேஸ் ஃபிரேம். 1957-ல் வந்த லோட்டஸ் செவன் இந்த வழியில் பெயர் பெற்ற கார். உலகெங்கும் வீட்டில் கார் கட்டுகிறவர்கள் இன்றும் அதன் பாணியைப் பின்பற்றுகிறார்கள். நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 2001-ல் பெங்களூரில் விற்பனைக்கு வந்த ரேவா மின்சாரக் காரின் உள்ளே இருந்தது வெல்டு செய்த இரும்புக் குழாய்ச் சட்டம். மேலே போர்த்தியிருந்தது பிளாஸ்டிக் பலகைகள். கைக்கருவிகளை வைத்து, பொறுமையாக, ஒரு தனி ஆள் கட்டக்கூடியது இந்த மூன்றாவது வகைதான். இனி நான் சொல்வது அதைப் பற்றி மட்டும்.

சாலையில் ஓட்ட முடியுமா?

முடியாது. இதைப் பூசி மெழுகாமல் ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. இந்தியாவில் ஒரு வண்டி மாதிரிக்குப் பதிவு கிடைக்க, அதன் முன்மாதிரி புனே, மானேசர், சென்னை ஒரகடம் போன்ற இடங்களில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு மையங்களில் ஒன்றில் தேற வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 126 அதைத்தான் சொல்கிறது. ஒரே ஒரு கார் கட்டும் தனி ஆளுக்கு அந்தச் சோதனைச் செலவு எட்டாது. பழைய காரின் பதிவுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு புதுச் சேஸியை ஓட்டலாம் என்ற யோசனையும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. உதிரி பாகத்துக்காக ஒரு பழைய காரைப் பிரித்தால், அது இனி ஓடாது என்று 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும்.

ஆகவே நீங்கள் கட்டப்போவது பந்தயத் தடத்திலோ, அனுமதி பெற்ற தனியார் நிலத்திலோ ஓடும் வண்டி. அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து வடிவமைத்த ஃபார்முலா மாருதி கார்களில்தான் நரேன் கார்த்திகேயன் பந்தய ஓட்டத்தைத் தொடங்கினார். கடையில் கிடைக்கும் பாகமும் உள்ளூர்ப் பட்டறையும் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சாட்சி அந்தக் கார்கள். பெயர் சொல்லும்படி கோவையில் கரி ஸ்பீட்வே இன்றும் இருக்கிறது.

முதலில் புள்ளிகள்

ஒரு நோட்டுப் புத்தகமும், சுண்ணாம்புக் கட்டியும், நூலும் போதும். சமமான தரையில் ஒரு நேர்க்கோடு போடுங்கள். அது காரின் நடுக்கோடு. அதற்குச் செங்குத்தாக இன்னொரு கோடு, முன் அச்சு. தரையிலிருந்து உயரம் மூன்றாவது அளவு. இனி காரில் உள்ள எந்தப் புள்ளியையும் மூன்று எண்களில் எழுதிவிடலாம்: முன் அச்சிலிருந்து எவ்வளவு பின்னால், நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி, தரையிலிருந்து எவ்வளவு மேலே.

முதலில் வைக்க வேண்டியவை நான்கு டயர்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் வீல்பேஸ், இடது வலது டயர் நடுவிலான தூரம் டிராக். பிற்கால மாருதி 800-ன் வீல்பேஸ் 2175 மி.மீ.; அதன் பாகங்களை எடுத்துக் கட்டுவதாக இருந்தால் அதை ஒட்டிய அளவில் தொடங்குவது நல்லது. அடுத்து ஹப், அதைப் பிடிக்கும் சஸ்பென்ஷன் கைகள், அந்தக் கைகள் சேஸியில் சேரும் இடங்கள். ஷாக் அப்சார்பரின் மேல் முனை. ஸ்டீயரிங் ரேக். இவற்றைத்தான் புள்ளிகள் என்கிறேன். ஒரு சாதாரண வண்டிக்கு இருபது, முப்பது தேறும். இவை எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது சஸ்பென்ஷன். சேஸிக்கு அதில் பேச்சு கிடையாது. குழாய்க்கு வசதியாக இருக்கும் என்று ஒரு புள்ளியை இரண்டு அங்குலம் நகர்த்தினால், சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது தானாகவே திரும்ப ஆரம்பித்துவிடும்.

அப்புறம் ஓட்டுபவர். ஆளை உண்மையாகவே உட்கார வையுங்கள், தலைக்கவசத்தோடு. முழங்கால் எங்கே மடங்குகிறது, முழங்கை எங்கே இடிக்கிறது என்று அளவெடுங்கள். கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைந்த குழாய்தான் ரோல் ஹூப். தலைக்குப் பின்னால் வரும் ரோல் ஹூப்பின் உச்சியையும், ஸ்டீயரிங் முன்னால் வரும் ஹூப்பின் உச்சியையும் ஒரு நூலால் இணைத்தால், தலைக்கவசம் அந்த நூலுக்குக் குறைந்தது 50 மி.மீ. கீழே இருக்க வேண்டும். கல்லூரி மாணவர்களின் ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிகளில் இருக்கும் விதி இது. வீட்டில் கட்டுகிறவரும் இதில் ஒரு மில்லிமீட்டர்கூடச் சலுகை எடுக்கக் கூடாது.

கடைசியாக இன்ஜின். மாருதி 800-ன் 796 சிசி இன்ஜின் குறுக்காக உட்கார்ந்து, கியர் பெட்டியோடு சேர்ந்து ஒரே கட்டியாக முன் சக்கரங்களை ஓட்டுகிறது. அந்தக் கட்டியை அப்படியே எடுத்து ஓட்டுபவருக்குப் பின்னால் வைத்துவிட்டால் பின்சக்கரம் இழுக்கும் கார் தயார் என்பதால் இது பலருக்குப் பிடித்த வழி. இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, கட்டியின் முகத்தைத் திருப்பி வைத்துவிடக் கூடாது. திருப்பினால் நான்கு ரிவர்ஸ் கியரும் முன்னால் போக ஒன்றும்தான் மிஞ்சும். இரண்டு, முன்சக்கரத்துக்காகச் செய்த ஹப் என்பதால் அதில் ஸ்டீயரிங் கை இருக்கும். அதை ஒரு கம்பியால் சேஸியோடு சரியான புள்ளியில் கட்டிவைக்காவிட்டால் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும்.

இந்த இடத்தில் வீட்டுக் கேட்டின் அகலத்தையும் அளந்துவிடுங்கள். முப்பதுக்கு நாற்பது சைட்டில் கட்டிய பெங்களூர் வீடுகளில் கார் நிறுத்தும் இடம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். கட்டிய வண்டி வெளியே வர வேண்டுமே.

முக்கோணமும் முடிச்சும்

நான்கு குச்சிகளை முனைகளில் ஆணி அடித்துச் சதுரம் செய்யுங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் சாய்ந்துவிடும். எதிர் மூலைகளை இணைத்து ஐந்தாவது குச்சியை அடித்தால் அசையாது. ஏன்? சதுரம் சாய்வதற்குக் குச்சி எதுவும் நீள வேண்டியதில்லை, முனைகள் திரும்பினால் போதும். முக்கோணம் உருமாற வேண்டுமானால் ஏதாவது ஒரு குச்சி நீண்டே ஆக வேண்டும், அல்லது குறுக வேண்டும். இரும்பை நீட்டுவது மிகக் கடினம், வளைப்பது அதைவிட எத்தனையோ சுலபம். ஸ்பேஸ் ஃபிரேம் முழுக்க நடக்கும் தந்திரம் இதுதான்: ஒவ்வொரு குழாயும் இழுபட வேண்டும் அல்லது அழுத்தப்பட வேண்டும், வளைக்கப்படக் கூடாது.

எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். வெளி விட்டம் 25 மி.மீ., சுவர் 2 மி.மீ. உள்ள குழாய். அரை மீட்டர் நீளம். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் கீழ்க் கையில் 3000 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ 300 கிலோ எடைக்குச் சமமான விசை, வருவது சாதாரணம். டயரில் 2000 நியூட்டன் வந்தாலே, கைகளின் உயரத்தைப் பொறுத்து நெம்புகோல் கணக்கில் கீழ்க் கைக்கு அதைவிட அதிகமாகப் போய்ச் சேரும். இந்த 3000 நியூட்டனை அந்தக் குழாயின் நீளவாக்கில் கொடுத்தால், இரும்பில் தகைவு, அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் விசை, 21 நியூட்டன். சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) இரும்பு நிரந்தரமாக உருமாறத் தொடங்குவது 250-ஐ ஒட்டி. ஆக, குழாய்க்கு இது ஒரு பொருட்டே இல்லை.

அதே விசையை அதே குழாயின் நடுவில் பக்கவாட்டில் கொடுங்கள். முனைகள் தளர்வாக இருந்தால் தகைவு 490-ஐ நெருங்கும். குழாய் வளைந்து போகும். முனைகளை வெல்டு இறுக்கிப் பிடிப்பதாக வைத்துப் பாதியாக்கினாலும் 240-க்கு மேல். ஒரே குழாய், ஒரே விசை. சஸ்பென்ஷன் கையைப் பிடிக்கும் பிராக்கெட்டை வெல்டு செய்த இடம் மட்டுமே வேறு. வித்தியாசம் குறைந்தது பதினோரு மடங்குக்கு மேல்.

அதனால்தான் குழாய்கள் வந்து சேரும் முடிச்சில்தான் விசை இறங்க வேண்டும் என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். சஸ்பென்ஷன் பிராக்கெட், ஷாக்கின் மேல் முனை, இன்ஜின் மவுண்ட், சீட் பெல்ட் பிடி எல்லாமே முடிச்சில் அல்லது அதை ஒட்டி. நோட்டில் எழுதிய புள்ளிகள்தான் முடிச்சுகள் ஆக வேண்டும். ஒரு புள்ளி குழாயின் நடுவில் வந்து விழுகிறதென்றால், அந்த இடத்துக்கு இன்னொரு குழாயைக் கொண்டுவந்து முடிச்சாக்குங்கள். முதல் தடவை கட்டப்பட்ட சட்டங்களைப் பார்க்கும்போது என் கண் முதலில் போவது இங்கேதான். அழகான வெல்டு, பளபளக்கும் பெயின்ட், ஆனால் ஷாக் வந்து உட்கார்ந்திருப்பது ஒரு நீளக் குழாயின் நட்டநடுவில்.

அழுத்தப்படும் குழாய்க்கு ஒரு எச்சரிக்கை உண்டு. நீளம் அதிகமானால் அது பக்கவாட்டில் பிதுங்கி மடியும். நீளம் இரட்டித்தால் தாங்கும் திறன் கால் பங்காகக் குறையும். நீளமான மூலைவிட்டக் குழாயை நடுவில் ஓரிடத்தில் பிடித்துவைப்பது அதற்காகத்தான்.

முறுக்கு

முன் இடது சக்கரம் ஒரு மேட்டில் ஏறுகிறது, மற்ற மூன்றும் தரையில். காரின் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி மறுபக்கமும் திருக முயல்கிறது. இந்தத் திருகலுக்கு சேஸி எவ்வளவு மசியாமல் நிற்கிறது என்பதே முறுக்கு விறைப்பு. ஒரு பாகை திருக எவ்வளவு நியூட்டன் மீட்டர் வேண்டும் என்று அளப்பார்கள். இன்றைய கடைக் கார்களில் இது 20,000-ஐத் தாண்டுவது சாதாரணம். சிறிய குழாய்ச் சட்டக் கார்களுக்கு ஒன்றிரண்டு ஆயிரங்கள்.

ஏன் இது முக்கியம்? ஸ்பிரிங்கும் ஷாக்கும் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று நீங்கள் கணக்கிடும்போது, சேஸி அசையாது என்று வைத்துக்கொண்டுதான் கணக்கிடுகிறீர்கள். சேஸியே திருகினால் அதுவும் ஒரு ஸ்பிரிங்தான், அதுவும் ஷாக் இல்லாத ஸ்பிரிங். முன்னால் ஸ்பிரிங்கை மாற்றினாலும் பின்னால் மாற்றினாலும் கார் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது என்று குழம்புகிறவர்களுக்கு, பல சமயம் காரணம் சஸ்பென்ஷனில் இருக்காது.

ஒரு காலி ஷூ டப்பாவை மூடியில்லாமல் இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள், சுலபமாகத் திருகும். மூடியைப் போட்டு டேப் ஒட்டி மறுபடி முறுக்குங்கள். ஓட்டுபவர் ஏறி உட்காரும் திறப்பு அந்த எடுத்துவிட்ட மூடி. குழாயிலும் இதே கதைதான்: மேலே சொன்ன 25 மி.மீ. குழாயை நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் கீறிவிட்டால், முறுக்கு விறைப்பு நூறில் ஒரு பங்காகிவிடும். எடை துளியும் குறையாது.

ஓட்டுபவர் ஏற இடம் விட்டே ஆக வேண்டும். அதற்கு ஈடு செய்ய வழிகள் உண்டு. இரு பக்கங்களையும் ஆழமாக வைத்து முக்கோணமாக்குவது. காலுக்கு முன்னாலும் முதுகுக்குப் பின்னாலும் உள்ள குறுக்குச் சுவர்களில் மூலைவிட்டக் குழாய் கொடுப்பது. டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு முழு வளையம். தரையில் தகட்டை ரிவெட் அடித்து மூடுவது. இழுத்துப் பிடித்த தகடு ஒரு மூலைவிட்டக் குழாயின் வேலையைச் செய்யும். இவற்றில் முதுகுச் சுவரைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். இன்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவில் வயர், ஹோஸ், கியர் கேபிள் என்று எல்லாம் கடக்க வேண்டியிருப்பதால், மூலைவிட்டத்தைக் கைவிடும் சபலம் அங்கேதான் அதிகம்.

குழாயில் கை வைப்பதற்கு முன் ஈர்க்குச்சியிலும் பசையிலும் ஐந்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்துவிடுங்கள். தென்னந்துடைப்பம் ஒன்று போதும். பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முன்பக்கத்தை முறுக்கினால் எந்தச் சதுரம் சாய்கிறது என்று கண்ணாலேயே தெரியும். அங்கே ஒரு குச்சி ஒட்டிப் பாருங்கள், பயன் இல்லையென்றால் பிய்த்து எறியுங்கள். கணினியில் செய்யத் தெரிந்தவர்கள் செய்யலாம். ஆனாலும் கையில் முறுக்கிப் பார்த்தவருக்கு வரும் தெளிவு வேறு.

சரி, எந்த பைப்?

இங்கே ஒரு நல்ல செய்தி. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த, விலை உயர்ந்த குரோமோலி இரும்பும் சாதாரண எம்.எஸ். இரும்பும் விறைப்பில் ஒன்றுதான். வலிமையில்தான் வித்தியாசம்: குரோமோலி உடைவதற்கும் நிரந்தரமாக வளைவதற்கும் அதிக விசை கேட்கும். ஒரே அளவில் இரண்டு சட்டம் கட்டினால் இரண்டும் ஒரே அளவுதான் திருகும். ஆகவே முதல் சேஸிக்கு எம்.எஸ். தாராளமாகப் போதும். விறைப்பு வேண்டுமென்றால் அதற்குத் தேவை வடிவம்: அகலமான விட்டம், நல்ல முக்கோணம். 25×2 குழாயில் இருக்கும் அதே இரும்பை உருக்கித் திடக் கம்பியாக்கினால் விட்டம் பதின்மூன்றரை மில்லிமீட்டர்தான் வரும். அது அந்தக் குழாயைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு சுலபமாக வளையும்.

கடையில் கேட்கும்போது ஈ.ஆர்.டபிள்யூ. என்றால் தகட்டைச் சுருட்டி மின்சாரத்தில் ஒட்டிய குழாய், சீம்லெஸ் என்றால் ஒட்டு இல்லாதது. சேஸியின் மற்ற குழாய்களுக்கு நல்ல ஈ.ஆர்.டபிள்யூ., ரோல் ஹூப்புக்கு மட்டும் சீம்லெஸ் என்பது என் யோசனை. ஹூப் ஒரே குழாயில், ஒட்டுப் போடாமல், வளைந்து வர வேண்டும். ஃபார்முலா ஸ்டூடன்ட் விதிகளில் நெடுங்காலமாக இருக்கும் அளவு 25×2.5. பந்தயத்துக்குப் போவதாக இருந்தால், அந்தப் போட்டியின் விதிப்புத்தகம் சொல்லும் அளவுதான் கடைசி வார்த்தை. படிக்கட்டுக் கைப்பிடி வளைக்கும் கடையில் ஹூப்பை வளைக்கக் கொடுக்காதீர்கள். வளைவின் உட்புறம் நசுங்கி மடிந்து வரும். குழாய் நசுங்காமல் இருக்க உள்ளே மாண்ட்ரல் என்ற தாங்கியை வைத்து வளைக்கும் பட்டறையைத் தேடுங்கள்.

சுவர் தடிமனைக் கடைக்காரர் கேஜில் சொல்வார்: 14 கேஜ் என்றால் 2 மி.மீ., 16 என்றால் 1.6. சொல்வதை நம்பாமல் வெர்னியரை எடுத்துப்போய் அளந்து வாங்குங்கள். 25×2 குழாய் மீட்டருக்கு 1.13 கிலோ. ஐம்பது மீட்டர் போனால் 57 கிலோ; சிறிய காருக்கு இது நியாயமான சட்ட எடை. குழாய் வழக்கமாக 6 மீட்டர் நீளத்தில் வரும். ஆட்டோவில் ஏறாது, கடையிலேயே வெட்டி வாங்குவதற்கும் வெட்டுப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கான ஜி.ஐ. பைப் வேண்டவே வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகி, மூச்சில் போனால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

சட்டத்தை அந்தரத்தில் கட்ட முடியாது. வளையாத, மட்டமான ஒரு தளம் வேண்டும். கனமான சதுரக் குழாயில் மேசைச் சட்டம் ஒன்று செய்து, ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தி, அதன் மேல் நடுக்கோட்டைக் கீறிக்கொள்ளுங்கள். புள்ளிகள் ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரு தாங்கியை நிறுத்தி, பிராக்கெட்டுகளைச் சரியான உயரத்தில் போல்ட் போட்டுவிடுங்கள். இதுதான் ஜிக். புள்ளிகள் முதலில் காற்றில் நிற்கின்றன. குழாய்கள் அவற்றைத் தேடி வந்து சேர்கின்றன. செங்கோணம் பார்க்க மூலைவிட்டங்களை அளப்பதே சிறந்த வழி: 1800-க்கு 700 சட்டத்தில் இரண்டு மூலைவிட்டமும் 1931 காட்ட வேண்டும். செங்குத்து பார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டை மிஞ்சிய கருவி இல்லை.

வட்டக் குழாய் இன்னொரு குழாயில் உட்கார, முனையை மீன்வாய் போல வெட்ட வேண்டும். இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். பெரிய இடைவெளியை வெல்டால் நிரப்பலாம் என்று தோன்றும், ஆனால் அந்த வெல்டு ஆறும்போது சுருங்கிக் குழாயையே இழுத்துவிடும். முதல் சேஸிக்குச் சதுரக் குழாய் எடுத்தால் இந்த வேலை பாதி குறையும். நேராக வெட்டி வைத்தாலே உட்காரும்.

வெல்டிங்கில் மூன்று வகை கிடைக்கும். குச்சி வைத்து அடிக்கும் ஆர்க் மெல்லிய சுவரை ஓட்டை போட்டுவிடும், கைப்பழக்கம் நிறைய வேண்டும். பட்டறைகளில் ஆர்கான் என்று சொல்லும் டிக் மிக அழகு, மிக மெதுவு. கற்றுக்கொள்பவருக்கு ஏற்றது சி.ஓ.2 என்று அழைக்கப்படும் மிக். 2 மி.மீ. சுவருக்கு 60 முதல் 90 ஆம்பியர் இருந்தால் போதும் என்பதால் வீட்டு மின்சாரம் தாங்கும். சட்டத்தைத் தொடும் முன் அதே குழாயின் துண்டுகளில் பழகி, ஒட்டிய துண்டைச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பாருங்கள். ஒட்டு பிரிந்தால் இன்னும் நேரம் வரவில்லை. குழாய் கிழிந்து ஒட்டு நின்றால் தொடரலாம். வரவில்லை என்றால் டேக் (குழாய்களை இடத்தில் நிறுத்தும் சின்னச் சின்ன ஒட்டு) வரை நீங்களே செய்து, முழு வெல்டுக்கு அனுபவசாலி ஒருவரை அழைத்து வருவதில் தவறே இல்லை. ரோல் ஹூப்பையும் சஸ்பென்ஷன் பிராக்கெட்டையும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்றே சொல்வேன்.

சட்டம் முழுவதையும் டேக் போட்டு நிறுத்தி, எல்லா அளவையும் மறுபடி பார்த்து, இன்ஜினையும் ஆளையும் ஒருமுறை உட்கார வைத்துப் பார்த்த பிறகுதான் முழு வெல்டு. ஒரு மூலையில் கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம், இடம் மாறி இடம் மாறி. ஒரே பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு அடுத்த பக்கம் போனால், ஜிக்கிலிருந்து அவிழ்த்ததும் சட்டம் வாழைப்பழம் போல வளைந்து நிற்கும்.

பாதுகாப்பில் தெரிந்ததைச் சொல்ல நீட்ட மாட்டேன்: முகக்கவசம், கையுறை, பருத்தி உடை, தீயணைப்பான். அதிகம் பேசாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். குழாயைத் துடைக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் பயன்படுத்தவே கூடாது. அதன் மிச்சம் வெல்டிங் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறும். அசிட்டோனால் துடைத்து, முழுவதும் உலர விட்டு, டப்பாவைத் தூரமாக வைத்துவிட்டுப் பற்ற வையுங்கள். பெங்களூரில் அடுத்த வீட்டு ஜன்னல் கை எட்டும் தூரத்தில்தான் இருக்கும் என்பதால், வெளிச்சத்தை மறைக்கத் தடுப்பும் வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள், அவர்கள் கண்ணும் நம் பொறுப்பு.

முறுக்கிப் பார்ப்பது

சட்டம் முடிந்ததும் பலர் நேரே பெயின்டுக்குப் போகிறார்கள். அதற்கு முன் அதன் விறைப்பை அளந்துவிடலாம், பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். பின் சஸ்பென்ஷன் புள்ளிகளை மேசையோடு இறுக்கமாகக் கட்டுங்கள். முன் சஸ்பென்ஷன் புள்ளிகளின் குறுக்கே ஒரு கனமான சதுரக் குழாயைப் பிணைத்து, அதன் நடுவில் அடியில் ஒரு முட்டு கொடுங்கள். சட்டம் அதன் மேல் இடம் வலமாகத் திரும்ப முடிய வேண்டும். குழாயின் ஒரு முனையில், நடுவிலிருந்து சரியாக ஒரு மீட்டர் தள்ளி, 40 கிலோ எடையைத் தொங்க விடுங்கள். முறுக்கு 392 நியூட்டன் மீட்டர். நடுவிலிருந்து அரை மீட்டர் தள்ளி இரு பக்கமும், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர் இறங்கி, மறுபக்கம் அதே அளவு ஏறினால் சட்டம் 0.2 பாகை திருகியிருக்கிறது. விறைப்பு பாகைக்கு ஏறத்தாழ 1960 நியூட்டன் மீட்டர். 500 கிலோ அளவிலான தடக் காருக்கு இது திருப்தியான தொடக்கம். பின்பக்கக் கட்டும் கொஞ்சம் அசைகிறதா என்று அங்கேயும் ஒரு டயல் வைத்துப் பார்த்து, அந்த அசைவைக் கழித்துவிடுங்கள்.

எண் குறைவாக வந்தால் கலங்க வேண்டியதில்லை. சட்டத்தின் நீளம் நெடுக நாலைந்து இடங்களில் திருகலை அளந்து, எந்த இடத்தில் அது சட்டென்று எகிறுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஓட்டுபவர் உட்காரும் இடத்தில்தான் எகிறும். அங்கே ஒரு குழாயைத் தற்காலிகமாக டேக் போட்டு மறுபடி எடையைத் தொங்க விடுங்கள். எண் நன்றாக ஏறினால் முழு வெல்டு செய்யுங்கள். ஏறவில்லையென்றால் அந்தக் குழாயை அறுத்து எடுத்துவிட்டு, ஈர்க்குச்சி மாதிரியில் அடுத்த இடத்தைத் தேடுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு, மழைக்காலமாக இருந்தால் அன்றைக்கே, பிரைமர்.